இரண்டு வார்த்தைகளின் வழக்கு

தமிழில் 'அற்ற' என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. எந்தப் பதத்தோடு அதைச் சேர்த்தாலும், அந்தப் பதம் குறிக்கும் பொருள் அங்கே இல்லை என்று ஆகிவிடும். 'எல்லையற்றது' என்றால் எல்லை இல்லை. 'அனுமதியற்றது' என்றால் அனுமதி இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பையனைக் கேட்டால்கூடத் தயங்காமல் பொருள் சொல்லிவிடுவான். ஆனால் அமெரிக்க தேசத்தில் இவ்விரண்டு பதங்களுக்கும் பொருள் என்னவென்று தீர்மானிப்பதற்குப் பெரிய பெரிய வக்கீல்களும் நீதிபதிகளும் பல வருஷங்கள் தலையை உடைத்துக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் லக்ஷக்கணக்கான குடும்பங்கள் பணம் கொடுத்து ஏமாந்தன; ஒரு மனிதர் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார்.

அந்த இரண்டு வழக்குகளும் ஒரே கம்பெனியைச் சுற்றி எழுந்தவை என்பது வியப்புக்குரியது. இரண்டுக்கும் வித்து 2010-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ஒரே வாரத்திற்குள் விழுந்தது என்பது அதைவிட வியப்பு. அந்தக் கம்பெனி, அமெரிக்காவில் டெலிபோன் தொழிலில் பழம் பெருமை வாய்ந்த ஏ.டி. அண்ட் டி. கம்பெனி. இன்று நம் வீடுகளிலும் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. மாதந்தோறும் டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறோம். நம் பெயரும் விலாசமும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கின்றன. ஆகையால் அக்கரைச் சீமையில் நடந்த இந்தக் கதை நமக்கு முற்றிலும் அந்நியமான விஷயம் அல்ல.

கொடுத்த வாக்கு

2007-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆப்பிள் கம்பெனியார் ஐபோன் என்னும் கைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அதற்குக் கம்பியில்லாத் தொடர்பு கொடுக்கும் ஏகபோக உரிமை ஏ.டி. அண்ட் டி. கம்பெனிக்குக் கிடைத்தது. ஜனங்களை இழுப்பதற்குக் கம்பெனியார் 'எல்லையற்ற டேட்டா' என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த வருஷம் வெளிவந்த ஐபோனுக்கு இதன் கட்டணம் மாதம் 30 டாலர். எவ்வளவு படித்தாலும், எவ்வளவு பார்த்தாலும், எவ்வளவு கேட்டாலும் அதே 30 டாலர்தான். ஜனங்கள் நம்பினார்கள், வரிசையில் நின்று வாங்கினார்கள்.

2010-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேட் என்ற பலகை போன்ற கருவியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியபோதும் இதே வாக்குத்தான் கொடுக்கப்பட்டது. மாதம் 14 டாலர் 99 சென்ட் கொடுத்தால் 250 மெகாபைட். 29 டாலர் 99 சென்ட் கொடுத்தால் எல்லையே இல்லை. ஒப்பந்தமும் கிடையாது, வேண்டாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம். கம்பியில்லாத் தொடர்புள்ள ஐபேட் ஏப்ரல் 30-ந் தேதி கடைகளுக்கு வந்தது.

சரியாக ஐந்து வாரங்கள் கூட ஆகவில்லை. ஜூன் 2-ந் தேதி கம்பெனியார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஜூன் 7-ந் தேதி முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எல்லையற்ற டேட்டா கிடையாது. 15 டாலருக்கு 200 மெகாபைட், 25 டாலருக்கு 2 ஜிகாபைட். அதற்கு மேல் வேண்டுமானால் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் 10 டாலர். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் மட்டும் பழைய திட்டத்தை வைத்துக்கொள்ளலாம். தங்கள் வாடிக்கைக்காரர்களில் நூற்றுக்கு 98 பேர் மாதத்துக்கு 2 ஜிகாபைட் கூட உபயோகிப்பதில்லை என்றும், ஆகவே இதனால் பெரும்பாலோருக்கு லாபமே என்றும் கம்பெனியார் சமாதானம் சொன்னார்கள்.

கம்பெனியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கம்பியில்லாத் தொடர்பு என்பது தெருக்குழாயைப் போன்றது. ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலைகளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் அத்தனை கைபேசிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்காரிடமிருந்து கம்பெனி பெற்றிருக்கும் அலைவரிசையின் அளவு திட்டமானது. இஷ்டம்போல் பெருக்க முடியாது. ஒரு வீட்டுக்காரர் அண்டாவை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தால், குடத்தோடு வந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஐபோன் வந்த பிறகு நியூயார்க், ஸான்பிரான்ஸிஸ்கோ முதலிய நகரங்களில் அந்தக் கம்பெனியின் தொடர்பு அடிக்கடி திணறியது என்பதும் அந்நாளில் எல்லோரும் குறைப்பட்ட விஷயந்தான்.

ஆனால் ஒரு கேள்வி. குழாயில் தண்ணீர் குறைவு என்று தெரிந்த பிறகு, 'தண்ணீருக்கு எல்லையே இல்லை' என்று பலகை எழுதி மாட்டியது யார்? புதியவர்களுக்கு எல்லை வைத்தது குற்றமல்ல. அது முன்கூட்டிச் சொல்லிச் செய்த காரியம். வழக்கு எழுந்தது பழைய வாடிக்கைக்காரர்கள் விஷயத்திலேதான்.

எல்லையற்றதற்கு ஓர் எல்லை

பழைய திட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் அல்லவா? லக்ஷக்கணக்கானவர்கள் வைத்துக்கொண்டார்கள். 2011-ஆம் வருஷம் ஜூலை மாதம் கம்பெனி இன்னோர் அறிக்கை விட்டது. எல்லையற்ற திட்டத்தில் இருப்பவர்களுள் மிக அதிகமாக உபயோகிக்கும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு, அக்டோபர் முதல் வேகம் குறைக்கப்படும் என்று அது கூறியது. அளவை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்கள். குழாயை மூடவில்லை, சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், எல்லையே கிடையாது! 2012-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்த விதியும் திருத்தப்பட்டு, சாதாரணத் தொடர்புக்கு 3 ஜிகாபைட், அதிவேகத் தொடர்புக்கு 5 ஜிகாபைட் என்று கோடு கிழிக்கப்பட்டது.

கலிபோர்னியா மாகாணத்தில் லாரி டிரைவர் ஒருவர் இதைப் பொறுக்கவில்லை. சின்ன வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில், வக்கீல் இல்லாமல் தாமே நின்று வாதாடினார். 2012-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நீதிபதி அவருக்கு 850 டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். 'எல்லையற்றது' என்று சொல்லி விற்றுவிட்டுப் பிறகு அதைப் பயனற்றதாகச் செய்வது நியாயமல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

ஒருவர் ஜெயித்தார், சரி. பாதிக்கப்பட்ட மற்றவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து ஒரே வழக்காகப் போட்டிருக்கலாமே என்று நேயர்கள் கேட்கலாம். போட முடியாது. வாடிக்கைக்காரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் ஒவ்வொருவரும் தனித் தனியாக மத்தியஸ்தரிடமோ சின்னக் கோர்ட்டிலோதான் போகவேண்டும், கூட்டு வழக்குத் தொடரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அந்த ஷரத்து செல்லுமா என்ற கேள்வி, இதே கம்பெனி சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 'இலவசம்' என்று விளம்பரம் செய்த டெலிபோனுக்கு 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரி வசூலித்தார்கள் என்பதுதான் அந்த வழக்கின் மூலம். 2011-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, ஷரத்து செல்லும் என்று தீர்ப்பாயிற்று. முப்பது டாலருக்காகத் தனியாக வழக்காடுகிற மனிதர் எத்தனை பேர் இருப்பார்கள்? கம்பெனிகளுக்கு அது தெரியாதா?

கடைசியில் சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே கட்சிக்காரராக முன்வந்தது. 2014-ஆம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி அது ஸான்பிரான்ஸிஸ்கோவிலுள்ள சமஷ்டிக் கோர்ட்டில் பிராது தாக்கல் செய்தது. குறைந்தபட்சம் 35 லக்ஷம் வாடிக்கைக்காரர்களின் வேகம், இரண்டரைக் கோடி தடவைகளுக்கு மேல் குறைக்கப்பட்டது என்றது பிராது. சிலருக்கு மாதத்தில் 2 ஜிகாபைட் தாண்டியவுடனேயே இது நேர்ந்தது; சில சமயங்களில் வேகம் ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்தது. மனம் கசந்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டவர்களிடம் அதற்கும் அபராதம் வசூலித்தார்கள் என்றும் கமிஷன் குற்றம் சாட்டியது.

தெருக்குழாய் உதாரணத்துக்கு நேர் பதிலாக இன்னொரு குற்றச்சாட்டும் பிராதில் இருந்தது. வேகத்தைக் குறைத்த அந்த நேரத்தில் அந்த இடத்தில் நெருக்கடி இருந்ததா இல்லையா என்று கம்பெனி பார்க்கவே இல்லை என்பதுதான் அது. நடுநிசியில் தெருவில் ஒருவரும் இல்லாதபோதும், 'உம்முடைய கணக்குத் தாண்டிவிட்டது' என்று குழாயைத் திருகிவிட்டால், அதற்குப் பெயர் பங்கீடு ஆகுமா?

கம்பெனி இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், தன்னை விசாரிக்கும் அதிகாரமே அந்தக் கமிஷனுக்குக் கிடையாது என்று வாதாடியது. டெலிபோன் கம்பெனிகள் வேறொரு கமிஷனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பது அதன் வாதம். 2016-ஆம் வருஷம் அப்பீல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் அதை ஒப்புக்கொண்டார்கள். 2018-ஆம் வருஷம் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்சு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் ராஜி ஏற்பட்டது. கம்பெனி 6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. இனிமேல் வேகத்துக்கோ அளவுக்கோ கட்டுப்பாடு இருந்தால், அதைச் சின்ன எழுத்தில் மறைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லவேண்டும் என்பதும் நிபந்தனை.

6 கோடி டாலர் என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது. 35 லக்ஷம் பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 17 டாலர் வருகிறது. மாதம் 30 டாலராகக் கட்டி வந்தவர்களுக்கு அது இரண்டு வாரக் கட்டணத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

திறந்து கிடந்த கதவு

இனி இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். எல்லையற்ற டேட்டாவுக்கு எல்லை கட்டிய அதே 2010 ஜூன் வாரத்தில், ஐபேட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது.

ஐபேட்டுக்குள் இருக்கும் ஸிம் கார்டு ஒவ்வொன்றுக்கும் 19 அல்லது 20 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. வாடிக்கைக்காரர் தம்முடைய கணக்கைப் பார்ப்பதற்குக் கம்பெனியின் இணைய பக்கத்துக்குப் போனால், அந்தப் பக்கம் அவருடைய ஸிம் எண்ணை அறிந்துகொண்டு, அவருடைய மின்னஞ்சல் விலாசத்தைத் தானே எழுதிக் காட்டும். அவர் கடவுச்சொல்லை மட்டும் தட்டினால் போதும். சிரமத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல எண்ணந்தான். ஆனால் வந்திருப்பவர் உண்மையில் அந்த ஸிம் கார்டுக்கு உரியவர்தானா என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. எண்ணைச் சொன்னவர் யாராயிருந்தாலும், அந்த எண்ணுக்குரியவரின் விலாசத்தைச் சொல்லிவிடும். எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிக் கேட்டால், வேறொருவருடைய விலாசம் வந்துவிடும்.

தபாலாபீஸ் ஜன்னலில் நின்று, 'நாலாம் நம்பர் பெட்டி யாருடையது? ஐந்தாம் நம்பர்? ஆறாம் நம்பர்?' என்று ஒருவன் கேட்டுக்கொண்டே போக, குமாஸ்தா தலை நிமிராமல் ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் நடந்தது. கேட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கலிபோர்னியாவில் இருந்தார். மற்றவர், ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமர் என்பவர், ஆர்க்கன்ஸாவில் இருந்தார். எண்களை மாற்றி மாற்றித் தானாகவே கேட்கும் ஒரு சிறு புரோகிராமைக் கலிபோர்னியாக்காரர் எழுதினார். ஜூன் 5-ந் தேதி முதல் 9-ந் தேதிக்குள் அது 1,14,067 மின்னஞ்சல் விலாசங்களைச் சேகரித்துவிட்டது. அவற்றில் வெள்ளை மாளிகையின் பிரதம அதிகாரியாக இருந்த ராம் இமானுவேல், நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் முதலியவர்களுடைய விலாசங்களும் இருந்தன.

ஆர்ன்ஹைமர் பட்டியலை ஒரு பத்திரிகைக்காரரிடம் கொடுத்தார். 'காக்கர்' என்னும் இணையப் பத்திரிகை ஜூன் 9-ந் தேதி இதை வெளியிட்டது. சில விலாசங்களின் படத்தை மட்டும், எழுத்துக்களை மறைத்துப் பிரசுரித்தது. கம்பெனி தவறைச் சரிசெய்தது. வாடிக்கைக்காரர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. ஆனால் மன்னிப்புக் கடிதத்திலேயே, துர்எண்ணம் கொண்ட ஹாக்கர்கள் செய்த வேலை இது என்று பழியையும் திருப்பிவிட்டது.

இந்த இருவரையும் தியாகிகளாகச் சித்தரிப்பது என் நோக்கமல்ல. தவறைக் கண்டவர்கள் முதலில் கம்பெனியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு விலாசத்தைக் கண்டதோடு நிறுத்தியிருக்கலாம். லக்ஷத்துக்கு மேல் எடுத்தார்கள். பேரும் புகழும் அடைவதில் அவர்களுக்கு ஆசை இருந்தது. ஆர்ன்ஹைமர் பிற்காலத்தில் இனத் துவேஷத்தைப் பகிரங்கமாகப் பிரசாரம் செய்தவர். அவருடைய கொள்கைகளை நல்லறிவுள்ள எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சட்டத்தின் பரீட்சை நல்லவர்கள் விஷயத்தில் நடப்பதில்லை. நமக்குப் பிடிக்காதவர்கள் விஷயத்திலேதான் நடக்கிறது.

2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இருவரும் கைதானார்கள். கலிபோர்னியாக்காரர் அவ்வருஷமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆர்ன்ஹைமர் வழக்காடினார். 1986-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. 'அனுமதியின்றி' ஒரு கம்ப்யூட்டரை அணுகித் தகவல் எடுப்பது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் 'அனுமதியின்றி' என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. உலகம் முழுவதும் பார்க்கும்படி திறந்து வைத்த இணைய பக்கத்தைப் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? கதவும் பூட்டும் இல்லாத இடத்தில் நுழைவது அத்துமீறல் ஆகுமா? சொந்தக்காரருக்குப் பிடிக்காத காரியம் என்பதனாலேயே அது குற்றமாகிவிடுமா? 2012-ஆம் வருஷம் நவம்பர் மாதம் நியூஜெர்ஸி மாகாணத்தில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். 2013-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 41 மாதச் சிறைவாசமும், கம்பெனிக்கு 73,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடும் விதிக்கப்பட்டன.

1776-ஆம் வருஷத்துக் குறை

அப்பீல் நடந்தது. ஓரின் கெர் என்னும் சட்டப் பேராசிரியர் கூலி வாங்காமல் ஆர்ன்ஹைமருக்காக வாதாட முன்வந்தார். 2014-ஆம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி அப்பீல் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது.

குற்றம் சாட்டப்பட்டவர் ஆர்க்கன்ஸாவில் இருந்தார். அவர் சகா கலிபோர்னியாவில் இருந்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் டெக்ஸாஸிலும் ஜார்ஜியாவிலும் இருந்தன. பத்திரிகைக்காரரும் நியூஜெர்ஸியில் இல்லை. அப்படியிருக்க வழக்கு ஏன் நியூஜெர்ஸியில் நடந்தது? பட்டியலிலிருந்த விலாசங்களில் சுமார் 4,500 நியூஜெர்ஸிவாசிகளுடையவை என்பதே சர்க்கார் தரப்பின் பதில். அது போதாது என்றது கோர்ட்டு.

இது வெறும் வக்கீல் நுணுக்கம் என்று நினைக்கலாம். அப்படியன்று. 1776-ஆம் வருஷம் அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, இங்கிலாந்து அரசர்மீது வரிசையாகச் சொன்ன குறைகளில் ஒன்று, தங்கள் மக்களைக் கடல் கடத்திக்கொண்டுபோய் அந்நிய இடத்தில் விசாரணை செய்கிறார்கள் என்பது. அந்த அனுபவத்தினால்தான், குற்றம் நடந்த இடத்திலேயே விசாரணை நடக்க வேண்டும் என்று தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இணையத்துக்கு ஊரும் எல்லையும் கிடையாதே என்பதற்காக ஒருவரை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் இழுத்துச் சென்று விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டால், இருநூறு வருஷங்களுக்கு முன் போராடிப் பெற்ற உரிமை காற்றில் போய்விடும். பரதேச ஆட்சியின் கீழ் இருந்து விடுபட்ட ஜாதியார் எவருக்கும் இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

தண்டனை ரத்தாயிற்று, ஆனால் வார்த்தையின் பொருள் நிச்சயமாகவில்லை. கடவுச்சொல்லோ வேறு தடையோ எதையும் அந்தப் புரோகிராம் உடைத்ததாகச் சாட்சியம் இல்லை என்று அடிக்குறிப்பு ஒன்றில் மட்டும் கோர்ட்டு கோடிகாட்டிவிட்டு நின்றுகொண்டது. மேலும் ஏழு வருஷங்கள் கழிந்தன. 2021-ஆம் வருஷம் ஜூன் மாதம், ஜார்ஜியா மாகாணத்துப் போலீஸ் ஸார்ஜெண்டு ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு சர்க்கார் கம்ப்யூட்டரில் ஒரு வண்டி நம்பரைத் தேடிச் சொன்ன வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டத்துக்கு ஒரு வரம்பு கட்டியது. ஒருவருக்கு வாசல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். திறந்த வாசலுக்குள் அவர் போன நோக்கம் தகாதது என்பதற்காக இந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கக்கூடாது என்பது ஆறு நீதிபதிகளின் தீர்ப்பு. அடுத்த வருஷம் மே மாதம், நல்லெண்ணத்தோடு பாதுகாப்புக் குறைகளை ஆராய்கிறவர்கள்மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரக்கூடாது என்று அமெரிக்க நீதி இலாகா தன் வக்கீல்களுக்கு உத்தரவிட்டது.

தராசின் இரண்டு தட்டுகள்

இப்பொழுது இரண்டு வழக்குகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

'எல்லையற்றது' என்ற வார்த்தைக்கு ஜனங்கள் ஒரு பொருள் கொண்டார்கள். கம்பெனி வேறு பொருள் கொண்டது. 35 லக்ஷம் பேர் பாதிக்கப்பட்டதாகச் சர்க்காரே சொன்னது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. வாதம் எட்டு வருஷம் இழுத்துப் பணத்தில் முடிந்தது.

'அனுமதியற்றது' என்ற வார்த்தைக்குச் சட்டம் பொருள் சொல்லவில்லை. பொருள் சொல்லும் அதிகாரம் கதவைத் திறந்து வைத்தவரிடமே விடப்பட்டது. திறந்து கிடந்ததை ஊருக்குச் சொன்னவருக்கு 41 மாதம் என்றார்கள். அதில் ஒரு வருஷத்துக்குமேல் அவர் சிறையிலேயே இருந்தார்.

இரண்டிலும் தெரியும் உண்மை ஒன்றுதான். வார்த்தையின் பொருளை முன்கூட்டியே நிர்ணயிக்காமல் விட்டால், தகராறு வரும்போது பலவான் சொல்வதே பொருளாகிவிடுகிறது. விற்கும்போது 'எல்லையற்றது' என்பதற்குப் பரந்த பொருள். கொடுக்கும்போது குறுகிய பொருள். தான் காக்கவேண்டிய தகவல் என்று வரும்போது பாதுகாப்புக்குக் குறுகிய பொருள். பிறர் அதைத் தொட்டுவிட்டால் அத்துமீறலுக்குப் பரந்த பொருள்!

இதனால் நேரும் நஷ்டம் அந்த ஓர் இளைஞரோடு போகிறதில்லை. பூட்டு சரியில்லை என்று சொல்லவருகிறவனைத் திருடனோடு சேர்த்துக் கட்டிவைத்தால், அடுத்த தடவை பூட்டு சரியில்லாததைக் கண்டவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். திருடன் எப்படியும் சொல்லப்போவதில்லை. 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், இதே கம்பெனியின் இன்றைய, முன்னாள் வாடிக்கைக்காரர்கள் சுமார் 7 கோடி 30 லக்ஷம் பேருடைய தகவல்கள் கள்ளச்சந்தையில் வெளியாகியிருப்பதாக அதுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வருஷம் ஜூலை மாதம் இன்னொரு செய்தி: 2022-ஆம் வருஷத்தில் சில மாதங்களில் அதன் கைபேசி வாடிக்கைக்காரர்களில் அநேகமாக எல்லோரும் யாருடன் பேசினார்கள் என்ற குறிப்புகள் களவு போயின. 2010-ஆம் வருஷத்தில் போனவை வெறும் மின்னஞ்சல் விலாசங்கள். ஊரறியச் சொல்லப்பட்டு உடனே அடைக்கப்பட்ட ஓட்டை அது. இவையோ அரவமில்லாமல் போனவை. எது பெரிய ஆபத்து என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

நம் வீட்டு வாசலில்

நம்முடைய தேசத்துச் சட்டத்திலும் இந்த வார்த்தை இருக்கிறது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, சொந்தக்காரரின் அனுமதியின்றிக் கம்ப்யூட்டரை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சிறைத் தண்டனை விதிக்கும் 66-வது பிரிவு, அந்தக் காரியம் நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக நம் சட்டத்தை இயற்றியவர்களை வாழ்த்த வேண்டும். அதை மறக்காமல் கையாளவேண்டியது போலீஸாரின் கடமை. 2023-ஆம் வருஷம் நம் பார்லிமெண்டு நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம் தராசின் மறுதட்டையும் கவனித்திருக்கிறது. ஜனங்களின் தகவலைத் தக்கபடி காக்கத் தவறிய ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. ஏட்டிலுள்ள விதி நடைமுறையில் பல் உள்ளதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.

முதல் வார்த்தையோ நம் வீட்டிலேயே தினந்தோறும் புழங்குகிறது. 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டிருப்பார்கள். தினம் ஒன்றரை ஜிகாபைட் அல்லது இரண்டு ஜிகாபைட் தாண்டினால் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும் என்பது அந்த நட்சத்திரத்துக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கும். 64 கிலோபிட் என்றால் விநாடிக்கு 8 கிலோபைட். 2 மெகாபைட் உள்ள ஒரு புகைப்படம் வந்து சேர நாலு நிமிஷத்துக்குமேல் ஆகும். சாயங்காலம் குழந்தைகள் பாடத்தைப் பார்க்கும் நேரத்தில் இது நேர்ந்தால், எல்லையற்றதன் எல்லை எங்கே இருக்கிறது என்பது நன்றாக விளங்கிவிடும்.

கம்பெனிகள் எல்லை வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. படியில் அளந்து விற்பவனை யாரும் குறை சொல்வதில்லை. 'அளவே இல்லை' என்று கூவி அழைத்துவிட்டு, உள்ளே படியை ஒளித்து வைத்திருப்பதுதான் தப்பு. எல்லை இருந்தால் எல்லையைப் பெரிய எழுத்தில் போடட்டும். சிறிய எழுத்தில் போடுவதற்கு 'உண்டு', 'இல்லை' என்ற வார்த்தைகள் உரியவை அல்ல.

அடுத்த தடவை டேட்டாவுக்குப் பணம் கட்டும்போது, வீட்டில் ஹைஸ்கூலில் படிக்கும் பையனையோ பெண்ணையோ பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நட்சத்திரக் குறியின் கீழே இருப்பதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பதத்துக்கும் பொருள் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இலக்கணத்தில் ஒரு பாடம் ஆகும். பெரியவர்களுக்கு உலக விவகாரத்தில் ஒரு பாடம் ஆகும்.